நீலப் பொட்டு

பிரிசில்லா வீட்டில் வில் ஒன்று, அதை இழுக்கிறவர்கள் இரண்டு பேர். கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் வீட்டுக்கு ஒன்று இருக்கும்போது வில் மட்டும் எதற்கு இரண்டு என்று கல்யாணமான மறு வருஷமே அவளும் ஜெபசிங்கும் பேசி முடித்துவிட்டார்கள். மிக்சியை யார் ஓட்டினாலும் அது ஓடும், வில் அப்படி ஓடாது என்பது பிறகுதான் புரிந்தது.

ஜெபசிங் இழுப்பது ஐம்பது பவுண்டு வலுவில். பிரிசில்லாவுக்கு முப்பத்தெட்டு. மற்றபடி இருவரும் ஒரே உயரம், கை நீளமும் ஒன்று. கல்யாண ஃபோட்டோவுக்கு அவளைச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்ன ஃபோட்டோகிராஃபரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே வில்லில் மாற்ற வேண்டியது வலுவை மட்டும்தான். மேலே ஒரு போல்ட்டு, கீழே ஒரு போல்ட்டு. அல்லன் கீ என்கிற திருகுசாவியைப் போட்டு இரண்டையும் நாலு சுற்று இறுக்கினால் அவன் வில், நாலு சுற்று தளர்த்தினால் அவள் வில். மேலும் கீழும் சமமாக இருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் கூடிக் குறைந்தால் வில் கோணிக்கொள்ளும்.

வலு மாறினால் சைட்டும் மாற வேண்டும். குறிபார்க்கிற அந்தச் சின்ன வட்டம் ஒரு கம்பியில் ஏறி இறங்கும். வலு குறைந்த வில்லில் அம்பு சீக்கிரம் தாழ்ந்துவிடும் என்பதால் சைட்டைக் கீழே இறக்கிவைத்தால் வில்லைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டிவரும், அம்பும் ஒழுங்காகப் பலகையின் நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்துக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருக்க முடியாதென்று கம்பியின் ஓரத்தில் நெயில் பாலிஷால் இரண்டு பொட்டு வைத்திருந்தார்கள். மேலே அவனுக்கு நீலம், கீழே அவளுக்குச் சிவப்பு.

இதில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வில்லை யார் கடைசியாக எய்தாலும், பெட்டியில் வைக்கும் முன் அடுத்தவர் கைக்கு மாற்றி வைத்துவிட வேண்டும். ஜெபசிங்குக்கு நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பில் இருக்கும் வில்வித்தை கிளப்பில் இறங்கி எய்துவிட்டு வருவான். பிரிசில்லாவுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி. வெளியே போகிற சரக்கைக் கடைசியாகப் பார்த்து முத்திரை குத்துகிற வேலை. அவள் தோப்புக்கு வருவது ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகுதான். ஒருவர் எய்யும்போது மற்றவர் பக்கத்தில் இருப்பதே அபூர்வம். பெட்டியைத் திறந்தால் வில் தன் கைக்கு ஏற்றபடி இருக்கும், சைட் தன் பொட்டில் நிற்கும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் பிறந்தநாளைக்கூட இரண்டு தரம் மறந்திருக்கிறான் அந்த மனுஷன், வில்லை மாற்றி வைக்க மட்டும் மறந்ததில்லை.

தோப்பில் அவனுக்கு ‘ஃபிஃப்டி’ என்று பெயர். அங்கே மற்றவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து என்று இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவன் ஐம்பதை அலட்டிக்கொள்ளாமல் இழுத்ததால் வந்த பெயர். கூட எய்கிற துரைதான் வைத்தான். ஜெபசிங்குக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கல்லறையிலும் அதையே எழுதச் சொல்லுவான் போல என்று பிரிசில்லா கிண்டல் செய்வாள்.

அந்தப் பெயர்தான் போன வருஷம் வினையானது. கடற்கரைச் சாலையில் நாய் ஒன்று குறுக்கே ஓட, வண்டியோடு விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டான். ஆறேழு மாதம் வில்லைத் தொடவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் ஒரு மாதிரியாகவே இருந்தான். டிவியைப் போட்டுவிட்டுச் சத்தத்தை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சண்டை பிடிக்க மாட்டான். பிரிசில்லாவுக்கு அதுதான் தாங்கவில்லை. சண்டை போடாத புருஷனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

பிசியோதெரபிஸ்ட் இருவரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். வில் எடுக்கலாம், ஆனால் ஒரு வருஷத்துக்கு நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஜெபசிங் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து வண்டியை எடுக்கும் முன்பே ஆரம்பித்தான்.

“நாப்பத்தஞ்சு இஸ்த்துகினு அந்தத் தோப்புக்கு நான் போவணுமா? அம்பது வரலன்னா இந்த வில்லே வாணாம் பிரிசி. கூடுவாஞ்சேரி ரோஹித் கேட்டுகினே கீறான். குடுத்துடலாம்.”

“என் வில்லும் தானய்யா அது.”

“உனுக்கு வேற சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம். எனுக்கு ஆசை வுட்டுப்போச்சி.”

ஆசை விட்டுப்போனவன் அன்று இரவு பெட்டியைத் திறந்து நாணைத் தடவிப் பார்த்துவிட்டு மூடியதை அவள் பார்த்தாள். இவன் வில்லை விட்டுவிட்டால் அந்தச் சத்தமில்லாத டிவியோடுதான் மிச்ச காலம் என்று அவளுக்குப் பயம் வந்தது. ஐம்பதையும் இழுக்கக் கூடாது, வில்லையும் விடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே வழிதான் அவளுக்குத் தோன்றியது. பொய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோப்பில் கூட்டம் கலைகிற வரை காத்திருந்தாள். தன் அம்புகளை எய்து முடித்ததும் போல்ட்டுகளை நாலு சுற்று இறுக்குவதற்குப் பதிலாக இரண்டோடு நிறுத்தினாள். நாற்பத்து நாலு பவுண்டு. தோளுக்குச் சரி. ஆனால் சைட்டைப் பழைய நீலப் பொட்டில் வைத்தால் அம்பெல்லாம் தாழ விழுந்து குட்டு உடைந்துவிடும். நாற்பத்து நாலுக்குப் புதுப் பொட்டு கண்டுபிடிக்க வேண்டும். வேறு யார் எய்து பார்ப்பது? அவளே பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கொஞ்சம் இறக்குவது, எய்வது, பார்ப்பது, மறுபடி இறக்குவது. அம்புகள் மஞ்சளுக்குள் ஒன்றாகக் கூடும் வரை அவள் விடவில்லை. பழைய நீலப் பொட்டை நகத்தால் சுரண்டினாள். கைப்பையிலிருந்து புது நெயில் பாலிஷை எடுத்து, கீழே தள்ளி ஒரு நீலப் பொட்டு வைத்தாள். நீலத்துக்காகவே செங்கல்பட்டு ஃபேன்சி ஸ்டோரில் ஏறி இறங்கி வாங்கியது. மறுநாள் பூராவும் அவளால் தலைக்கு மேலே கையைத் தூக்கிச் சீவ முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஜெபசிங் பழைய ஜெபசிங்காக வந்தான். வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டு, “இன்னா கொழம்பு?” என்று கேட்டான்.

“எப்டிப் போச்சி?” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

“அம்பதுன்னா அம்பதுதான். மொதல்ல லேசா இஸ்த்துச்சி. அப்பால அம்பெல்லாம் மஞ்சள்ல போயி குந்திகிச்சி. தொர வாயப் பொளந்துகினு பாத்தான்.”

கருவாட்டுக் குழம்பில் உப்பு குறைவு என்று அன்று ஒரு சண்டை நடந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தாள்.

அதிலிருந்து வாரா வாரம் இதே ஏற்பாடுதான். அவள் எய்து முடித்ததும் இரண்டு சுற்று இறுக்குவாள், சைட்டைப் புது நீலப் பொட்டில் நிறுத்துவாள், பெட்டியை மூடுவாள். ஜெபசிங் சாப்பிடும்போதெல்லாம் ஐம்பதைப் பற்றிப் பேசினான். தோளை உருட்டிக் காட்டினான். இந்தத் தோளுக்கு இன்னும் அஞ்சு ஏத்தினாலும் தாங்கும் என்றான். ஐயோ என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஏமாற்றுகிறோமே என்று உறுத்தாமல் இல்லை. ஆனால் குளியலறையில் அவன் விசிலடிப்பது கேட்டால் உறுத்தல் பறந்துவிடும். டிவியிலும் சத்தம் வந்துவிட்டது.

கிளப்பின் வருடாந்தரப் போட்டி ஒரு ஞாயிறு வந்தது. காலையில் பெண்கள், மதியத்துக்கு மேல் ஆண்கள். இவர்களுக்கு அது வசதி, ஒரே வில்லில் இருவரும் கலந்துகொள்ளலாம். ஆராதனைக்கு லீவு போட்டுவிட்டு இருவரும் ஒரே வண்டியில் போனார்கள்.

தோப்புக்குள் நுழைந்ததுமே பிரிசில்லாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் கிளப் செயலாளர் சாவித்ரி. திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூட டீச்சர், எதையும் விதிப்படிதான் செய்வாள். அவள் தலைக்கு மேலே கிளையில் ஒரு கொக்கித் தராசு தொங்கியது. இந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு வில்லையும் இழுத்து எடை பார்ப்பார்களாம். அறுபதுக்கு மேல் போனால் அனுமதி கிடையாதாம்.

“பிரிசில்லா, உங்க வில்லைக் குடுங்க,” என்றாள் சாவித்ரி. நாணைக் கொக்கியில் மாட்டிக் கீழே இழுத்து, முள்ளைப் பார்த்து, தோப்புக்கே கேட்கிற வகுப்பறைக் குரலில் சொன்னாள்: “முப்பத்தெட்டு. சரியா இருக்கு.”

பிரிசில்லா வில்லை வாங்கிக்கொண்டாள். மதியம் ஜெபசிங்கின் முறை வரும்போதும் இதே குரலில்தான் சொல்லப்போகிறாள். துரை இருப்பான், கூட எய்கிறவர்கள் எல்லாம் இருப்பார்கள், கூடுவாஞ்சேரி ரோஹித் வில் கேட்டுக்கொண்டு அதோ முன்வரிசையிலேயே நிற்கிறான். அத்தனை பேருக்கும் நடுவில் நாற்பத்து நாலு என்றால் அந்த மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? அதுவும் பொண்டாட்டி கையாலேயே.

அவள் எப்படி எய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பழகிய கை தானாக எய்தது. கடல் காற்று சவுக்கு மரங்களுக்குள் இரைந்துகொண்டிருந்தது, அம்புகள் பாட்டுக்கு மஞ்சளில் போய் நின்றன. இரண்டாவது இடம் என்றார்கள். சரி என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கலைந்ததும் வில்லோடு பம்ப்செட் அறைக்குப் பின்னால் போனாள். வழக்கப்படி அவன் கைக்கு மாற்ற வேண்டும். மேலே இரண்டு சுற்று இறுக்கினாள். கீழே இரண்டு சுற்று. அல்லன் கீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் இரண்டு இறுக்கினால் தராசு ஐம்பது காட்டும், அவன் பெயர் நிற்கும். ஆனால் அவன் தோள் நாற்பத்து நாலுக்குத்தான் பழகியிருக்கிறது. போட்டியின் வேகத்தில், கூட்டத்தின் கத்தலில், ஐம்பதை இழுத்துக்கொண்டே இருந்தால் ஒட்டிய எலும்பு என்ன ஆகும்?

போனால் பெயர்தானே போகும் என்று முடிவு செய்தாள். சைட்டை நீலப் பொட்டுக்கு ஏற்றிவிட்டுக் கீயைப் பையில் போட்டாள். அவன் தராசுக்குப் போகும் முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், திட்டினால் திட்டட்டும்.

ஜெபசிங் தண்ணீர் கேன் பக்கத்தில் துரையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

“யோவ், ஒரு நிமிசம் இப்டி வாயேன். ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“இங்க இல்ல. அந்தாண்ட வா.”

அதற்குள் சாவித்ரி விசில் ஊதிவிட்டாள். முதல் பெயரே ஜெபசிங். அவன் வில்லை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். “அப்பால சொல்லு பிரிசி, ஓடியா போவப்போற?” என்று போய்விட்டான். அவள் பின்னாலேயே ஓடினாள். சாவித்ரி நாணைக் கொக்கியில் மாட்டினாள். பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாற்பத்து நாலு.”

யாரோ இருமினார்கள். துரைதான் கேட்டான், அவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்: “இன்னா ஃபிஃப்டி, தராசு ராங்கா காட்டுதா?”

“தராசு கரெக்டுதான்,” என்றான் ஜெபசிங். “நாப்பத்தி நாலுதான். தோளு இன்னும் ஆறல மச்சான், டாக்டரு ஏத்தக் கூடாதுன்ட்டாரு. நீங்க எழுதிக்குங்க மேடம்.”

சொல்லிவிட்டு வில்லை வாங்கிக்கொண்டு எய்கிற கோட்டுக்குப் போனான். பிரிசில்லா கண்ணைத் திறந்து அவன் முதுகையே பார்த்தாள். எப்படிச் சமாளித்துவிட்டான் பார், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டானே என்று உருகிப்போனாள். வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்புறம் அது கொஞ்சம் அதிகம் என்று விட்டுவிட்டாள்.

அவன் நன்றாகவே எய்தான். பரிசு வாங்குகிற அளவுக்கு இல்லை, ஏழாவதாக வந்தான். ஆனால் ஒவ்வொரு அம்பும் விட்ட பிறகு உதட்டை மடித்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு முழுசாகத் திரும்பியிருந்தது. துரை கோட்டுக்குப் பின்னால் நின்று, “வா ஃபார்ட்டி ஃபோரு, போடு ஃபார்ட்டி ஃபோரு,” என்று கத்தினான். இவன் திரும்பிப் பார்த்து நாக்கைத் துருத்தினான்.

வெயில் இறங்கியதும் எல்லோரும் கிளம்பத் தொடங்கினார்கள். சவுக்குச் சருகு மேல் பெட்டியைத் திறந்து வைத்து, ஜெபசிங் பக்கத்தில் குந்தினான். அல்லன் கீயை எடுத்தான். வில்லை அவள் கைக்கு மாற்றாமல் பெட்டியில் வைக்கக் கூடாதே. பிரிசில்லா எதிரில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மேல் போல்ட்டைத் தளர்த்தினான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. கீயை வெளியே எடுத்தான்.

சரிதான், இன்றைக்குத்தான் நாற்பத்து நாலு என்று தெரிந்துவிட்டதே, இரண்டு சுற்று போதும், கணக்கு போட்டுவிட்டான் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்த பிறகுதான் அவளுக்குள் ஏதோ இடறியது.

இன்றைக்குத் தெரியும். போன வாரம்?

போன வாரம் அவன் ஐம்பது என்று நம்பியிருந்தால், வழக்கம்போல நாலு சுற்று தளர்த்தியிருப்பான். அப்படித் தளர்த்தியிருந்தால் அவளுக்கு வந்திருக்கும் வில் முப்பத்தெட்டு இல்லை, முப்பத்திரண்டு. சைட் சிவப்புப் பொட்டில் நிற்க அவள் விட்ட அம்பெல்லாம் பலகைக்குக் கீழே மணலில் சொருகியிருக்க வேண்டும். ஒன்றுகூட மணலுக்குப் போகவில்லையே. இன்று காலை தராசில்கூட அவள் வில் சரியாக முப்பத்தெட்டு காட்டியதே. வெளியே போகிற சரக்கையே பார்த்துப் பார்த்து முத்திரை குத்திப் பழகியவளுக்கு, தன் கைக்கு உள்ளே வருகிற வில்லை ஒரு வாரம்கூடச் சோதிக்கத் தோன்றவில்லை.

“போன வாரம் எத்தினி சுத்து கழட்டுன?” என்று கேட்டாள்.

ஜெபசிங் நிமிர்ந்து பார்த்தான். மாட்டிக்கொண்டது அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ரெண்டு.”

“அதுக்கு முந்தின வாரம்?”

“ரெண்டுதான்.”

“மொத வாரம்?”

அவன் காதைச் சொறிந்தான். “நீ வெச்ச பொட்டு சரியா காயல பிரிசி. சைட்டத் தொட்டா கட்டவெரல் பூரா புளூ. அதுவும் பழைய புளூ வேற, இந்த புளூ வேற. அப்பால இஸ்த்துப் பாத்தேன். அம்பதுக்கும் இதுக்கும் தோளுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிகினா அம்பது அம்பதுன்னு என்கிட்ட அளந்த?”

“இன்னா பண்ணச் சொல்ற? பழசச் சொரண்டி, புச்சா வாங்கியாந்து, எனுக்குச் சரியா வர்ற எடத்துல வெச்சிகீற. அத்தக் கண்டுபுடிக்க நீயே நாப்பத்தி நாலு இஸ்த்துப் பாத்து கீற, வேற வழி இல்ல. நைட்டு தலை சீவ முடியாம கையத் தூக்கிகினு தவிச்சத நான் பாத்துகினுதான் இருந்தேன். எனுக்காக ஒருத்தி இவ்ளோ செஞ்சிகீறா, நான் போயி தெரியும்னு சொன்னா உன் மொகம் வாடிப்பூடாதா? அன்னிக்கு உப்பு இல்லன்னு நான் சண்ட போட்டப்ப, மொளகா நெடின்னு சொல்லிகினு நீ எப்டி கண்ணத் தொடச்சிகின தெரியுமா?”

“அப்போ வில்லு? ரோஹித்துக்குக் குடுக்கணும்னியே?”

“அந்தப் பொட்டப் பாத்த அன்னிக்கே அந்தப் பேச்சு பூட்ச்சி.”

வாரா வாரம் அவள் இரண்டு இறுக்கினாள், அவன் இரண்டு தளர்த்தினான். இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு பெட்டியை மூடி வைத்தார்கள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்த பிரிசில்லாவுக்கு அழுகைதான் வந்தது. இந்த மனுஷன்மேல் தனக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்கு அந்தச் சருகில் உட்கார்ந்து தெரிந்தது, பதினோரு வருஷம் கழித்து.

“ஏய், அழுவாத. தொர பாக்கறான்.”

“பாக்கட்டும். எனக்கின்னா.”

அவன் தோளில் தொங்கிய துண்டை எடுத்து நீட்டினான். அதில் நாணுக்குத் தடவுகிற மெழுகு வாடை அடித்தது. அவள் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மேல ரெண்டு ஆயிடுச்சி,” என்றான் ஜெபசிங், கீயை அவள் கையில் வைத்து. “கீழ அப்டியே கீது, வுட்டா வில்லு கோணிக்கும். நீ கழட்டு.”

பிரிசில்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கீழ் போல்ட்டில் கீயைப் போட்டாள். முதல் சுற்று திருப்பினாள். கை நழுவாமலிருக்க அவன் தன் கையை அவள் கைமேல் வைத்துக்கொள்ள, இரண்டாவதை இருவரும் சேர்ந்து திருப்பினார்கள்.